காயத்துல காப்பித்தூள் கொட்டாதீங்க, உள்ள ஆளுங்க வேல செஞ்சிகினு இருக்காங்க

போன வாரம் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்கா நறுக்கும்போது (புவிசார் குறியீடு வாங்குன கத்திரிக்கா, முள்ளும் அதே கெத்துல இருக்கும்) முள்ளு குத்தி கை நழுவி அருவாமனைல கட்டைவிரல் இறங்கிடுச்சு. அத்தை காப்பித்தூள் டப்பாவ எடுத்துகினு ஓடி வந்தாங்க, வேணாம் அத்தைன்னு சொன்னதுக்கு இன்னும் கோவமா இருக்காங்க. அவங்களுக்கு சொன்னதத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல சுத்தமான துணிய வச்சு பத்து நிமிஷம் விடாம அழுத்திப் பிடிங்க. நின்னுச்சான்னு நடுவுல தூக்கிப் பாத்தா பிளேட்லெட் (ரத்தத்த உறைய வைக்கற அணு) அப்பதான் கட்டுன அடைப்பு பிச்சிகினு வந்துடும். ரத்தம் நின்னதும் குழாய்த் தண்ணில நல்லா கழுவுங்க, சோப்பு காயத்த சுத்தி போட்டா போதும். காப்பித்தூள், மூக்குப்பொடி, டூத்பேஸ்ட் எதுவும் வேணாம், உள்ள போற தூள அள்ளி வெளிய போடற வேலையும் நம்ம வெள்ளை அணு தலைலதான் விழும். டெட்டால தண்ணி கலக்காம ஊத்துனா கிருமியோட சேத்து நல்ல செல்லும் சாகும்.

உள்ள என்ன நடக்குதுன்னா, கொஞ்ச நேரத்துலயே நியூட்ரோஃபில்னு ஒரு வெள்ளை அணுக் கூட்டம் வந்து கிருமிய முழுங்கும், சீழுன்னு நாம பாக்கறதுல பெரும்பாலும் அதுங்க பொணம்தான். ரெண்டு மூணு நாள்ல மேக்ரோஃபேஜ் வரும், எனக்கு ரொம்ப புடிச்ச செல் இது. வந்த புதுசுல சண்டைக்காரன் மாதிரி நிக்கும், செத்த நியூட்ரோஃபில தின்னு முடிக்கும்போதே குணம் மாறி மேஸ்திரி ஆயிடும், புது ரத்தக்குழாய் போடு, கொலாஜன் (தோலுக்கு பலம் குடுக்கற புரதம்) கொண்டான்னு மத்த செல்லுக்கெல்லாம் சிக்னல் அனுப்பும். அதனால முதல் ரெண்டு மூணு நாள் லேசா செவந்து, சூடா, வீங்கி இருந்தா பயப்படாதீங்க, ஒவ்வொரு கீறலுக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு மெடிக்கல்ல போய் நிக்காதீங்க.

காத்தாட விடு, காயட்டும்னு நம்ம வீட்டுல சொல்றதும் தப்புதான். 1962லயே ஜார்ஜ் வின்டர்ங்கறவர் பன்னித்தோல்ல பாத்துட்டாரு, ஈரப்பதமா மூடி வச்ச காயம் காஞ்சு பொருக்கு கட்டுன காயத்தவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமா மூடிக்குது. மெல்லிசா வாசலின் தடவி பேன்டேஜ் போடுங்க, தினம் மாத்துங்க, நனைஞ்சா உடனே மாத்துங்க. மண்ணு, சாணி, துரு பட்ட காயம்னா டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) கடைசியா எப்ப போட்டீங்கன்னு யோசிங்க, அஞ்சு வருஷம் தாண்டிருந்தா டாக்டர பாருங்க.

சுகர் இருக்கறவங்க இத நல்லா படிங்க. சுகர் ஏறிக் கிடந்தா அந்த மேக்ரோஃபேஜ் மேஸ்திரியா மாறாம சண்டைலயே நின்னுடும், புண்ணு மாசக்கணக்கா இழுக்கும். அதோட கால் மரத்துப் போச்சுன்னா இன்னும் மோசம். தொழுநோய்னா சதையே அழுகிடும்னு ஒரு காலத்துல எல்லாரும் நம்புனாங்க. 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட்தான் அந்த சதைக்கு ஆறற சக்தி நல்லாவே இருக்குன்னு காட்டுனாரு, வலி தெரியாததால அதே எடத்துல திரும்பத் திரும்ப அடிபடுது, அவ்ளோதான், மாவுக்கட்டு போட்டு காலுக்கு ரெஸ்ட் குடுத்தா ஆறிடுது. சுகர் காலுக்கும் இதே கதைதான். ராத்திரி படுக்கும்போது கண்ணாடி வச்சு உள்ளங்கால பாருங்க, கத்திரி வெயில்ல கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்லுத்தரைல மத்தியானம் நடந்தா கொப்பளம் வந்ததே தெரியாது.

சாப்பாட்டுல முட்டை, பருப்பு, கொண்டக்கடலை, கொலாஜனுக்கு வைட்டமின் சி வேணும்ங்கறதால நெல்லிக்கா, கொய்யா. பீடி சிகரெட்ட அந்த நாளுலயாவது விடுங்க, நிகோட்டின் ரத்தக்குழாய சுருக்கிடும், மேஸ்திரிக்கு சிமென்ட்டே வராது.

மூணு நாளுக்கு அப்புறம் செவப்பு பரவுது, கை மேல செவப்புக் கோடு ஏறுது, வலி கூடுது, நாத்தம், காய்ச்சல் இதுல ஒண்ணு இருந்தாலும் ஆஸ்பத்திரி. விரல் மடங்கல, நுனி மரத்துப் போச்சுன்னா மூணு நாள்லாம் வேணாம், அன்னிக்கே போங்க.

என் விரல் இன்னிக்கு எட்டாவது நாள், ரோஸ் கலர்ல ஒரு கோடு, அரிப்பு. பல்லிக்கு வாலே மொளைக்குது, நமக்கு தழும்புதான், அதுவும் எவ்ளோ நாளானாலும் பழைய தோல்ல சுமார் 80 சதவீத பலத்துக்கு மேல வராது. அதனால ஆறிடுச்சுன்னு உடனே குடம் தூக்காதீங்க, புதுத்தோல வெயில்ல காட்டாதீங்க, கறுத்துடும், நம்மூர் வெயில் பத்தி சொல்லவே வேணாம்.