பிரஷர் மாத்திரை: யோசித்துச் செய்யும் தவறுகள்

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்து இருபது வருடம் தாண்டிவிட்டது. பிரஷர் மாத்திரையைத் தவறாகச் சாப்பிடுகிறவர்களில் அலட்சியமாக இருப்பவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் யோசித்துத்தான் தவறு செய்கிறார்கள். "நார்மல் ஆயிடுச்சே, எதுக்குச் சும்மா உடம்புல மருந்தை ஏத்தணும்?" "இன்னைக்கு ரத்தம் எடுக்கணும், வெறும் வயிறா வரச் சொல்லியிருக்காங்க." "மாத்திரை போடாம போறேன், டாக்டர் நிஜமான பிரஷரைப் பாக்கட்டும்." எல்லாவற்றிலும் ஒரு நியாயம் இருக்கிறது. "ஒழுங்கா மாத்திரை போடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அந்த நியாயம் கலையாமல் அப்படியே இருக்கும், தவறும் தொடரும். ஆகவே தவறுகளை அவற்றின் நியாயத்தோடு சேர்த்தே பேசுகிறேன். ஒன்றை மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மாத்திரையையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அதை உங்கள் டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

126/80 வந்ததும் நிறுத்துவது

எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிய ஒருவர் ஐந்து வருடமாக எங்களிடம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். அம்லோடிபின் 5 மி.கி., காலையில் ஒன்று. ஒரு முகாமில் அளந்தபோது 126/80 வந்திருக்கிறது. சந்தோஷமாக வந்து, "இனி வேணாம் தம்பி, சரியாயிடுச்சு" என்றார். கடையில் கூட்டமான நேரம். "டாக்டரைக் கேட்டுக்கோங்கண்ணே" என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டரை மாதம் கழித்து அவர் மனைவி நீளமான சீட்டோடு வந்து நின்றார். அண்ணனுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறுகிறது.

அன்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது யார் கேட்டாலும் உட்காரவைத்துச் சொல்கிறேன். காய்ச்சல் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. காய்ச்சல் போனால் மாத்திரைக்கு வேலை முடிந்தது. அம்லோடிபின் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசையைத் தளர்த்தி வைக்கிறது. மருந்து உடம்பில் இருக்கும் வரைதான் அந்தத் தளர்வு. 126/80 என்ற எண் அந்த மாத்திரை உள்ளே இருந்தபடி வந்த எண்.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. ரத்தத்திலுள்ள அம்லோடிபின் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். இன்று நிறுத்தினால் நாளைக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாளும் பெரிதாகத் தெரியாது. "பாத்தீங்களா, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன்" என்று தோன்றிவிடும். அழுத்தம் பிறகு மெல்ல ஏறும். ஏறுவதை உடம்பு உணராது. தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால்தான் பிரஷர் என்று நினைப்பவர்கள் ஏராளம். 170-ஐத் தொட்டாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

சில மருந்துகளில் நிலைமை இதைவிட மோசம். அட்டெனோலால், மெட்டோபிரோலால் வகையைத் திடீரென்று விட்டால் இதயத் துடிப்பு எகிறும். ஏற்கெனவே இதய நோய் இருப்பவர்களுக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். குளோனிடின், கடைகளில் அர்காமின் என்று கேட்டு வாங்குவது, சிறுநீரக நோயாளிகள் பலருக்கு எழுதப்படுகிறது. இதைச் சட்டென்று நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளுக்குள்ளேயே அழுத்தம் முன்பிருந்ததைவிட மேலே பாயும். இவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அட்டை தீரும்வரை காத்திருக்காமல், ஒரு வார மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைந்து, உப்பும் குறைந்து, தினமும் நடக்கிறவர்களுக்கு டாக்டரே மாத்திரையைக் குறைப்பதும் உண்டு. "ஒருமுறை ஆரம்பித்தால் சாகும்வரை" என்று பயந்து, ஆரம்பிக்காமலே இருப்பவர்களுக்காக இதையும் சொல்லியாக வேண்டும்.

ரத்தப் பரிசோதனை நாள், டாக்டரைப் பார்க்கும் நாள், விரத நாள்

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகும்போது சர்க்கரை மாத்திரையைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். சாப்பிடாமல் அதைப் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம் என்பதால்தான். நம் வீடுகளில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஒரே டப்பாவில் இருக்கின்றன. சொன்ன பேச்சு இரண்டுக்கும் ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலான பிரஷர் மாத்திரைகளை ஒரு வாய்த் தண்ணீரோடு வெறும் வயிற்றிலேயே போடலாம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மட்டும் கதை வேறு: எதைப் போடலாம், எதை நிறுத்த வேண்டும் என்று மயக்க மருந்து டாக்டரே சொல்வார். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டாக்டர் "நிஜமான பிரஷரை" பார்க்கட்டும் என்று மாத்திரையை விட்டுவிட்டுப் போவது நேர்மையான எண்ணம்தான். ஆனால் டாக்டர் பார்க்க விரும்புவது மாத்திரை போட்ட பிறகும் எவ்வளவு இருக்கிறது என்பதை. போடாமல் போனால் 160 காட்டும். அவர் டோஸை ஏற்றுவார். ஏற்றியதை வீட்டில் தவறாமல் போட்டதும் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும்.

ஒரு வேளை மறந்தால், ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். காலையா இரவா என்ற விவாதத்துக்கும் ஓரளவு முடிவு கிடைத்துவிட்டது: பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. காலையில் போட்டவர்களுக்கும் இரவில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசமில்லை. உங்களுக்கு மறக்காத நேரமே நல்ல நேரம். நீர் பிரியும் மாத்திரை சேர்ந்திருந்தால் இரவு வேண்டாம். வயதானவர்கள் நடுச்சாமத்தில் அவசரமாக எழுந்து கழிவறை வாசலில் விழுகிறார்கள். ரம்ஜான் நோன்பு இருப்பவர்கள் நோன்புக்கு முன்பே டாக்டரைப் பார்த்தால், ஸஹரிலோ இப்தாரிலோ எடுக்கும்படி மாற்றித் தருவார்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் இது அதிகம் நடக்கிறது. வீட்டில் பழைய அம்லோடிபின் அட்டை இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் டெல்மா-ஏ.எம். என்று புதிதாக எழுதியிருப்பார்கள். அதில் 'ஏ.எம்.' என்பதே அம்லோடிபின்தான், டெல்மிசார்ட்டான் என்ற இன்னொரு பிரஷர் மருந்தோடு சேர்ந்து வருகிறது. பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் அம்மா இரண்டையும் போடுவார். நாலாம் நாள் கால் வீங்கி, தலை சுற்றி வருவார்.

அரசு மாத்திரை வாங்குகிற வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வாசலுக்கே மாத்திரை வருகிறது. மிக நல்ல காரியம். நடக்க முடியாத எத்தனையோ பேருக்கு மாத்திரை தடைபடாமல் போகிறது. ஆனால் ஊரிலிருந்து வரும் மகன் அம்மாவைத் தனியார் டாக்டரிடம் காட்டி இன்னொரு மாதத்துக்கான மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவான். அந்த டாக்டருக்கு அரசு மாத்திரையைப் பற்றித் தெரியாது. வீடு தேடி வரும் பணியாளருக்குத் தனியார் மாத்திரையைப் பற்றித் தெரியாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும், சித்த மருந்து, லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேஜையில் கொட்டுங்கள். எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. கண்ணாடி போட்டுப் பொடி எழுத்தைப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் எங்களைக் கேளுங்கள். பத்து மாத்திரை அட்டையில் நாலு மட்டும் கத்தரித்து வாங்கும்போது, பெயரும் காலாவதித் தேதியும் மற்ற துண்டோடு போய்விடுவதையும் கவனியுங்கள். இன்னொன்று: டெல்மிசார்ட்டான் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வாரத்துக்கு மொத்தமாக டப்பாவில் பிரித்துப் போடாமல், சாப்பிடும்போது அட்டையிலிருந்து எடுங்கள்.

முட்டி வலிக்கு ஒரு செட்

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். ஏனென்றால் இதில் தவறு கவுண்டரின் இரண்டு பக்கமும் நடக்கிறது. "உடம்பெல்லாம் வலி, ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்கிறார்கள். பல கடைகளில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ இருக்கும். இவையும் ஐபுபுரூஃபெனும் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றுகின்றன. மாதக்கணக்கில் முட்டி வலிக்குப் போட்டுக்கொண்டே, "பிரஷர் குறையவே மாட்டேங்குது" என்று டோஸுக்கு மேல் டோஸ் ஏற்றிக்கொள்கிறார்கள்.

சிறுநீரகத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து. டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரை ஒன்று. அதோடு நீர் பிரியும் மாத்திரை ஒன்று. மூன்றாவதாக இந்த வலி மாத்திரை. மூன்றும் மூன்று பக்கமிருந்து சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தையும் அங்கே அதன் அழுத்தத்தையும் குறைக்கின்றன. வெயில் காலத்தில் நீர்ச்சத்தும் குறைந்திருந்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கலாம். பல கூட்டு மாத்திரைகளில் நீர் பிரியும் மருந்து உள்ளேயே இருக்கிறது. பெயரின் கடைசியில் 'எச்' என்றிருந்தால் அனேகமாக ஹைட்ரோகுளோரோதயசைடு. வலிக்கு என்ன போடலாம் என்று டாக்டரைக் கேட்டால் முதலில் அளவோடு பாராசிட்டமால் சொல்வார். எங்களிடம் கேட்பதானால், "எனக்குப் பிரஷர் இருக்கு, இன்ன மாத்திரை போடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். இதே காரணத்தால், வாந்தி பேதி கடுமையாக இருக்கும் நாளில் இந்த மாத்திரைகளைத் தொடரலாமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

மூக்கடைப்புக்கு வாங்கும் சளி மாத்திரையில் ஃபினைலெஃப்ரின் இருக்கும். மூக்கில் ரத்தக்குழாயைச் சுருக்குவது உடம்பு முழுக்கவும் சுருக்கும். இருமலுக்கு அதிமதுரம் ஒரு துண்டு மெல்லுவது வேறு. கஷாயமாக வாரக்கணக்கில் குடித்தால் அதிமதுரம் பொட்டாசியத்தை இறக்கி அழுத்தத்தை ஏற்றும். மூலிகைதானே என்று நினைப்பவர்களுக்குச் சர்ப்பகந்தாவை நினைவூட்டுவேன். மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அந்த வேரைப் பிரஷர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். அதன் பிறகு உலகமே அதை மருந்தாக ஏற்றுக்கொண்டது. அவ்வளவு வேலை செய்யும் வேரை, இங்கிலீஷ் மாத்திரையோடு டாக்டருக்குத் தெரியாமல் சேர்த்துச் சாப்பிடுவது டோஸை இரட்டிப்பாக்குவது போலத்தான்.

உப்பைக் குறைக்கச் சொன்னதும் 'லோ சோடியம்' உப்பு வாங்குகிறவர்களும் ஒரு நிமிடம் நில்லுங்கள். சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பலவீனமாக இருந்து டெல்மிசார்ட்டானோ ஸ்பைரனோலாக்டோனோ சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். அவர்களுக்குத் தினசரி இளநீரும் அப்படியே.

பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை

அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். "கிட்னி போச்சு" என்று பயந்து நிறுத்துவார்கள், அல்லது நீர் இறங்க ஒரு மாத்திரை கேட்பார்கள். சின்ன ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் வெளியே கசிவதால் வரும் வீக்கம் இது. நீர் மாத்திரைக்கு அவ்வளவாக அடங்காது. டோஸைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ போய்விடும். எனலாபிரில், ராமிபிரில் போடுகிறவர்களுக்கு வறட்டு இருமல் வருவதும் அப்படித்தான். மாதக்கணக்கில் சிரப் குடிப்பதைவிட மருந்தை மாற்றச் சொல்லுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால் அது அவசரம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள், நாள் தள்ளிப்போனவர்கள், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனலாபிரில், ராமிபிரில் இவற்றில் எதைச் சாப்பிட்டாலும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். வயிற்றிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தை இவை பாதிக்கும். லேபெட்டலால், மெத்தில்டோபா என்று கர்ப்ப காலத்துக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன. மாமியாருக்கு எழுதியதை மருமகள் போடும் வீடுகளும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

மெஷினில் 180 வந்த இரவு

வீட்டு மெஷினில் பெரிய எண் வந்ததும் பதறி ஒரு மாத்திரை, அரை மணியில் மறுபடி அளந்து இன்னொன்று. அம்லோடிபின் முழு வேகத்துக்கு வரவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அரை மணியில் அளப்பதால் ஒன்றும் தெரியாது. போட்டதெல்லாம் விடியற்காலையில் ஒன்றாக வேலை செய்யும். நிஃபெடிபின் காப்ஸ்யூலைக் கிழித்து நாக்கடியில் விடும் பழைய வழக்கத்தை டாக்டர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். அழுத்தம் சரசரவென்று சரிந்து, அதனாலேயே பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன. முதலில் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கால் தரையில், கை இதய உயரத்தில். பேசாமல் மறுபடி அளங்கள். அப்போதும் 180/120-ஐத் தாண்டினால், உடம்பில் வேறு தொந்தரவு இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் பேசி, சொல்கிறபடி செய்யுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், வாய் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, இவற்றில் ஏதாவது இருந்தால் எண் என்னவாக இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். ஆட்டோ அண்ணனுக்கு இரவு பதினோரு மணிக்குப் பேச்சு குழறியிருக்கிறது. பிரஷராக இருக்கும் என்று, மிச்சமிருந்த பழைய அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்து விடியும்வரை பார்த்திருக்கிறார்கள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அவர்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது மணி காலை ஆறு.