12 பேர், ஒரே கட்டம்: புளியங்கொட்டையில் தாயம் ஆடுவது எப்படி?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போய்விட்டது. பெரியப்பா குடும்பம், அத்தை பிள்ளைகள் என்று கூடத்தில் 12 பேர். போன்களில் சார்ஜ் இல்லை. பாட்டி சமையலறையிலிருந்து நாலு புளியங்கொட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அன்று ஆடியதை அப்படியே எழுதுகிறேன். தாயம் பார்த்தே இராதவர்களும் ஆடிவிடலாம்.

1. கொட்டை உரசுவது

ஒரே அளவான 4 கொட்டை எடுங்கள். சொரசொரப்பான சிமெண்ட் படியில் ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பழுப்புத் தோல் போய் உள்ளே வெள்ளை தெரியும். தேய்க்கத் தேய்க்க விரல் பொறுக்காத அளவுக்குக் கொட்டை சுடும். பொடிசுகளுக்கு இந்தச் சூடுதான் பாதி விளையாட்டு. பக்கத்தில் இருப்பவர் முழங்கையில் ஒற்றிவிட்டு ஓடும். கைக்குழந்தைகள் மேல் மட்டும் வைக்க விடாதீர்கள்.

வெள்ளை முழுசாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அளவுக்கு மீறித் தேய்த்த கொட்டை ஒரே பக்கமாக விழும். இருபது தடவை உருட்டிப் பாருங்கள். அடம்பிடிக்கும் கொட்டையை மாற்றிவிடுங்கள்.

2. கட்டம்

தரையில் சாக்பீஸால் 5-க்கு 5, மொத்தம் 25 கட்டம். நாலு பக்கத்திலும் நடுக்கட்டத்தில் பெருக்கல் குறி போடுங்கள், மொத்தக் கட்டத்தின் நட்டநடுவிலும் ஒன்று. இவை மலை. மலையில் இருக்கும் காயை யாரும் வெட்ட முடியாது.

3. எண்ணிக்கை

ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், அதாவது 1. இரண்டு வெள்ளைக்கு 2, மூன்றுக்கு 3, நாலுக்கு 4. ஒன்றுகூட வெள்ளை இல்லையென்றால் 8. எங்கள் வீட்டில் 1, 4, 8 விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம்.

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். புதிதாக ஆடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோவார்கள். நாலு கொட்டை 16 விதமாக விழலாம், அதில் 4 விதம் தாயம். சராசரியாக நாலு உருட்டலுக்கு ஒன்று வந்துவிடும், பொறுத்திருங்கள்.

4. காய் போகும் வழி

ஒவ்வொரு பக்கத்துக்கும் 4 காய். பட்டன், ஓட்டாஞ்சில்லு, வேப்பங்கொட்டை, துடைப்பக்குச்சித் துண்டு, எதுவானாலும் சரி. ஒரு பக்கத்துக் காய் இன்னொரு பக்கத்துக் காயைப் போல இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்து மலையில் காயை இறக்கி, வலது கைப்பக்கமாக வெளி வரிசையைச் சுற்றுங்கள். சுற்றி முடித்து உங்கள் மலைக்கு முந்தின கட்டம் வந்ததும் உள் வரிசைக்குள் ஏறி, எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். உங்கள் மலைக்கு நேர் மேலே உள்ள கட்டத்திலிருந்து நடுவுக்குப் போனால் காய் பழம். இறங்கிய இடத்திலிருந்து பழத்துக்கு 24 அடி. கடைசி எண்ணிக்கை சரியாக விழ வேண்டும், கூடினால் அந்தக் காயை நகர்த்த முடியாது.

மலை இல்லாத கட்டத்தில் எதிராளி காய் இருந்து, உங்கள் காய் அங்கே போய் உட்கார்ந்தால் அது வெட்டு. வெட்டுப்பட்ட காய் மறுபடி தாயம் போட்டு வரவேண்டும். வெட்டியவருக்கு இன்னொரு உருட்டல். ஒரு வெட்டாவது வெட்டாத பக்கம் உள் வரிசைக்குள் நுழையக் கூடாது. நாலு காயையும் முதலில் பழமாக்கிய பக்கத்துக்கு ஜெயம்.

5. 12 பேரை உட்காரவைப்பது

தாயம் நாலு பேர் ஆட்டம். மற்ற எட்டுப் பேரையும் வேடிக்கை பார்க்கச் சொன்னால் அரைமணியில் கூடம் காலியாகிவிடும். அதனால் பக்கத்துக்கு மூன்று பேர்: ஒரு பெரியவர், ஒரு பள்ளிப்பிள்ளை, ஒரு பொடிசு. சுற்றுக்கு ஒருவராக உருட்டுங்கள். எந்தக் காயை நகர்த்துவது என்று மூவரும் பேசி முடிவெடுக்கலாம். நகர்த்துவது மட்டும் எப்போதும் பொடிசின் வேலை. எந்தக் குழந்தையையும் ஒப்புக்குச் சப்பாணியாக வைக்காதீர்கள். அத்தையின் கடைக்குட்டிக்கு நாலு வயது. ஒவ்வொரு கட்டத்திலும் பட்டனை ஒரு தட்டு தட்டி, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று அவள் எண்ணி முடிக்கும்வரை 11 பேரும் வாய் திறக்கவில்லை.

கொட்டை தரையிடுக்கில் சாய்ந்து நின்றால் மறுபடி உருட்டுவதா, கட்டத்துக்கு வெளியே ஓடினால் செல்லுமா என்பதை ஆரம்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள். எங்களுக்கு வந்த ஒரே சண்டை அதில்தான். பெரியப்பா மறுபடி உருட்டச் சொல்லித் தீர்த்துவைத்தார்.

6. பாதியில் நிறுத்த நேர்ந்தால்

பெரிய வீட்டில் ஒரு ஆட்டம் சாப்பாட்டுக்குள் முடிவது அபூர்வம். பாட்டி தட்டு வைக்கக் கூப்பிட்டதும் அண்ணன் மகன் நோட்டில் அதே கட்டத்தை வரைந்து, எந்தக் காய் எங்கே, அடுத்து யார் கை என்று குறித்துக்கொண்டான். கொட்டைகளை மிளகு டப்பா மூடியில் போட்டு அலமாரியில் வைத்தோம். மறுநாள் காலை இட்லி வேகும்போதே நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான், அவன் பக்கத்துக்குத்தான் உருட்டல் பாக்கி.