வாட்ஸ்அப்பில் புடவை விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முக்கியமாக அந்த ஒன்று

போன வாரம் காட்பாடியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மகளிர் குழுவில் கடன் வாங்கி, ஆரணியில் முப்பது புடவை எடுத்து வைத்திருக்கிறாள். “அக்கா, குரூப் ஆரம்பிச்சுட்டேன், பாருங்க” என்று போனை நீட்டினாள். 183 பேர். சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், மகன் பள்ளிக்கூடத்து அம்மாக்கள், தெருமுனை டெய்லர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை ஒரே ராத்திரியில் உள்ளே இழுத்துப் போட்டிருக்கிறாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2018இல் நான் செய்த அதே வேலை. குரூப் பெயருக்கு முன்னும் பின்னும் வைத்திருந்த பூக்கூட நான் வைத்த அதே ரோஜாப்பூ.

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாஸ்வேர்டைச் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை எல்லாரும் சொல்லியாகிவிட்டது.

நான் பிறந்தது ஆரணி, வாழ்க்கைப்பட்டது வேலூர் சத்துவாச்சாரி. 2017இலிருந்து வீட்டில் இருந்தபடியே ஆரணிப் பட்டு விற்கிறேன். என் அம்மா காலத்தில் மூட்டைக்காரர் வருவார். சைக்கிள் கேரியரில் புடவை மூட்டை. திண்ணையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தால் அரைத் தெரு கூடிவிடும். எந்த வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், எந்த வீட்டில் போன தீபாவளிப் பாக்கியே இன்னும் அடையவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்த வீட்டுக்காரி எவ்வளவு கிளறினாலும் “எனக்கு இன்னாம்மா தெரியும்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கணக்கு நோட்டு சட்டைக்குள் இருக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு அந்தத் திண்ணை போனுக்குள் போய்விட்டது, எங்களைப் போன்றவர்கள் மூட்டைக்காரர் ஆகிவிட்டோம். நோட்டைச் சட்டைக்குள் வைக்கத்தான் தெரியவில்லை.

வாடிக்கையாளர்களை எல்லாம் ஒரே குரூப்பில் அடைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். யார் மேலும் இல்லை, என் மேல்தான்.

2018 ஆடி மாதம் குரூப் தொடங்கினேன். மொத்தம் 212 பேர். டீச்சர்கள், நர்சுகள், ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கம் தோல் கம்பெனிக்குப் போகிற பெண்கள், சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க வந்து காந்தி ரோடு லாட்ஜில் தங்கியபோது புடவை வாங்கிப் போன கொல்கத்தாக் குடும்பங்கள் நான்கைந்து. முதல் பத்து நாள் திருவிழாதான். படம் ஏறியதும் “எனக்கு”, “புக்டு”, “இதே கலர்ல சின்ன பார்டர் இருக்கா” என்று போன் நடுங்கிக்கொண்டே இருக்கும். ஒரே சாயங்காலத்தில் 11 புடவை போனது. தறிக்காரருக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன்.

முதல் தலைவலி சின்னது. ஒருவர் எல்லார் முன்னாலும் பேரம் பேசினார். பழக்கதோஷத்தில் 300 ரூபாய் குறைத்தேன். அதே ரகத்தை முந்தின நாள் முழு விலைக்கு வாங்கிய ஆறு பேர், “எங்களுக்கு?” என்று வரிசையாக வந்து நின்றார்கள். திண்ணையில் ஒருத்தி காதோடு பேசும் பேரத்தை நான் மைக்கில் பேசியிருக்கிறேன். அப்புறம் காலை வணக்கம், சாமி படம், வைத்தியக் குறிப்பு. அட்மின் மட்டும் பதிவிடலாம் என்கிற வசதியை வாட்ஸ்அப் அந்த வருஷம்தான் கொண்டுவந்திருந்தது. அதைப் போட்டேன். குரூப் அமைதியானது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வசதி மூடுவது வாயை மட்டும்தான். குரூப் பெயரைத் தொட்டால் உறுப்பினர் பட்டியல் விரிகிறதே, அதில் அத்தனை பேர் எண்ணும் அப்படியே திறந்து கிடக்கிறது. இது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆவணி முகூர்த்தம் நெருங்கும்போது பழைய வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார். “வேற நம்பர்லேர்ந்து உங்க புடவைய 400 ரூபா கம்மியா தர்றதா மெசேஜ் வருதே, அதுவும் நீங்கதானா?” படத்தை அனுப்பச் சொன்னேன். மாம்பழ நிறம், அரக்குப் பார்டர், வலது மூலையில் எங்கள் வீட்டு ஊஞ்சல் சங்கிலி. நான் எடுத்த படமேதான். வாடிக்கையாளர் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்திருந்த ஒரு ரீசெல்லர், பட்டியலைத் திறந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வலை வீசியிருக்கிறார். பாதிப் பேரை நான் சம்பாதிக்க ஒன்றரை வருஷம் ஆனது. அவருக்கு ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது.

அந்த நஷ்டத்தைக்கூட மறந்துவிட்டேன். மறக்க முடியாதது அடுத்தது. குரூப்பின் அழைப்பு லிங்க்கை நான் ஃபேஸ்புக்கில் போட்டு வைத்திருந்தேன். அது வழியாக எவனோ ஒருவன் வந்து சேர்ந்திருக்கிறான். வாடிக்கையாளர்களில் ஒரு நர்ஸ், டிபியில் தன் படத்தை வைத்திருந்தாள். முதலில் “ஹாய்”. அப்புறம் “சாப்டீங்களா”. நைட் டூட்டி நேரத்தில், ராத்திரி ஒரு மணிக்கு, வீடியோ கால். பிளாக் செய்தால் வேறு எண்ணிலிருந்து வருவான். எங்கிருந்து நம்பர் கிடைத்தது என்று அவளே தேடிப் பார்த்து, என் குரூப்பில்தான் அவன் இருக்கிறான் என்று கண்டுபிடித்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டபோது அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலாம். மெதுவாகத்தான் கேட்டாள்: “அக்கா, புடவை வாங்கத்தானே நம்பர் குடுத்தேன்?”

கடைசியில் அவள் நம்பரையே மாற்றினாள். நம்பர் மாற்றுவது லேசான வேலையா? பேங்க், கேஸ், ஆதார், ஊரில் இருக்கிற அம்மாவின் போன் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். இரண்டு நாள் லீவு போட்டதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு என்னிடம் புடவை வாங்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்புச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. அந்தச் செய்தியை நானும் டிவியில் பார்த்தேன். ஆதார் விஷயத்தில் அரசாங்கத்தோடு நடக்கிற தகராறு, நமக்கென்ன என்று சீரியலுக்கு மாற்றிவிட்டேன். அடுத்த வருஷம் 212 பேர் எண்ணைத் தெருவில் கொட்டியது நான்தான்.

சரி, என்ன செய்யலாம்? பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நீங்கள் ஒரு முறை அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனி மெசேஜாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். இன்னொருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. பேரமும் காதோடு நடக்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். காட்பாடிப் பெண் இதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டாள். “அப்போ பாதிப் பேருக்குப் போவாதேக்கா?” போகாதுதான். போகாத பாதி, உங்களிடம் வாங்கப்போகாத பாதி. நான் பார்சலோடு ஒரு சின்னச் சீட்டு வைக்கிறேன்: ‘புது வரவு பார்க்க, இந்த எண்ணைச் சேமித்துவிட்டு, புடவை என்று ஒரு மெசேஜ் போடவும்.’ போட்டவர் மட்டும் பட்டியலில் ஏறுவார். தானாக வந்தவர் வாங்குவார். இழுத்து வந்தவர் மியூட் போட்டுவிட்டுத் தூங்குவார்.

2023இல் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனலும் இருக்கிறது. பின்தொடர்கிறவர்களுக்கு ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் அங்கே படத்தைத்தான் காட்ட முடியும், வாய்விட்டுப் பேச முடியாது. புடவை வியாபாரம் பாதி பேச்சு. எனக்கு அது ஒத்துவரவில்லை.

ஏற்கெனவே குரூப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கலைத்துவிடுங்கள். ஆனால் கலைத்ததும் எல்லாம் திரும்பிவிடும் என்று நினைக்காதீர்கள். எண்களை எடுத்தவர் எடுத்ததுதான்.

வாங்கியவர் படத்தைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் வைப்பது

கல்யாணத்தில் நம் புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்கும் படத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஒரு முறை எனக்கும் துறுதுறுத்தது. படத்தோடு, “18,500 ரூபாய்க்கு இவ்வளவு நல்ல ஜரிகையா!” என்று அவள் எனக்கு எழுதியிருந்ததையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டேன். அவள் வீட்டில் ஒன்பதாயிரம் என்று சொல்லி வைத்திருந்திருக்கிறாள். மாமியாரும் என் ஸ்டேட்டஸைப் பார்ப்பவர்.

அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடந்ததோ எனக்குத் தெரியாது. மறுநாள் அவள் அனுப்பியது ஒரே ஒரு கும்பிடு எமோஜி.

கேளுங்கள். ‘போடட்டுமா?’ என்று ஒரு வரி. சரி என்றாலும் முகம், பெயர், விலை மூன்றும் ஒன்றாகப் போக வேண்டாம். குழந்தைகள் படத்தில் இருந்தால் கேட்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம்.

கொரியர் சீட்டைப் படம் பிடித்துப் போடுவது

பெயர், கதவு எண், தெரு, பின்கோடு, போன் எல்லாம் அதில் இருக்கிறது. வேறென்ன சொல்ல?

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பார்சல் கட்டுவது

பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகத் தயாரிக்க இரண்டு நிமிஷம் போதும். உங்கள் பேங்க் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் பார்சல் நகரக்கூடாது. வாங்குபவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனி வேஷம் உண்டு. “மிலிட்டரியிலேர்ந்து பேசறேன், வீட்டு விசேஷத்துக்கு ஆறு புடவை வேணும்” என்று ஆரம்பிப்பான். வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் என்றால் மரியாதை தானாக வரும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிற ஊர்க்காரர்கள் நாம். என் நாத்தனார் வீட்டுக்காரரும் பட்டாளத்தில் இருந்தவர்தான். அதனால் சீருடை போட்ட டிபியைப் பார்த்ததும் சந்தேகமே வராது. பேரமும் பேசமாட்டான், அதுவே முதல் அறிகுறி. பிறகு ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, “ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்” என்பான். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடவே தேவையில்லை. போடச் சொன்னால் பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது. மாட்டிக்கொண்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

‘விலை இன்பாக்ஸில்’

எழுதாதீர்கள். விலையைப் போடுங்கள்.

வீட்டு நம்பரையே கடை நம்பராக வைத்துக்கொள்வது

தனி சிம் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஸ்டேட்டஸில் வைக்கிற பிள்ளையின் மார்க் ஷீட்டைக் கொல்கத்தாக்காரரும் பார்ப்பார், புடவை விலையைச் சம்பந்தியும் பார்ப்பார். நான் இதைச் செய்ய மூன்று வருஷம் ஆனது.

அந்த எண்ணில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு வையுங்கள். “தப்பா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்க கோடு வந்துடுச்சு, கொஞ்சம் சொல்லுங்க” என்று உங்களுக்குத் தெரிந்தவர் பெயரிலேயே மெசேஜ் வரும். அவர் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். கோடைச் சொன்னால் உங்களுடையதும் போகும். அப்புறம் உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளர்களிடம் ‘அவசரமாக ஐயாயிரம்’ கேட்பான். அவர்கள் அனுப்பவும் அனுப்புவார்கள், உங்களை நம்பித்தானே அந்த எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

‘ஹாய் டியர்’

வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பவருக்கு அறுபது வயது இருக்கலாம்.

காட்பாடிப் பெண் அன்று என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே குரூப்பைக் கலைத்தாள். காபி ஆறிப்போனது. 183 பேருக்கும் தனித்தனியாக, ‘விருப்பம் இருந்தால் என் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்ப வேண்டும் என்றேன். “அவ்ளோ பேருக்குமாக்கா?” என்றாள். நேற்று போன் செய்தாள். 41 பேர் சேமித்திருக்கிறார்களாம், இரண்டு புடவை போயிருக்கிறதாம். கேஸ் சிலிண்டர்காரரும் அந்த 41இல் ஒருவர், மனைவிக்கு ஒரு கைத்தறி கேட்டாராம்.