எஞ்சின் லைட் எரிகிறதா? ஓபிடி அடாப்டரும் போனும் வைத்து நீங்களே பார்ப்பது எப்படி

டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் லைட் எரிந்தால், எஞ்சினைக் கவனித்துக்கொள்ளும் கணினி (ஈசியூ) ஏதோ ஒரு எரர் கோடைப் பதிந்து வைத்திருக்கிறது. அதைப் படிக்க ஒர்க்‌ஷாப் போக வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓபிடி புளூடூத் அடாப்டரும் (காரின் சோதனைச் சாக்கெட்டில் செருகும் சிறு கருவி) உங்கள் போனும் போதும்.

ஒரு விஷயம் மட்டும் முதலில். லைட் நிலையாக எரிந்தால் பொறுமையாகப் பார்க்கலாம். விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) கடுமையாக இருக்கிறது. எரியாமல் போகும் பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும்.

எந்தக் கார், எந்த அடாப்டர்

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 பெட்ரோல், டீசல் கார்களில் வேலை செய்யும். 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 4 கார்களிலும் பெரும்பாலும் கைகொடுக்கும். அதற்கும் பழைய வண்டி என்றால், சாக்கெட் இருந்தாலும் ஈசியூ பதில் சொல்லாமல் போகலாம்.

ஆண்ட்ராய்டு போனுக்கு எந்த அடாப்டரும் சரி. ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய வகை புளூடூத் அடாப்டர் வாங்கி ஏமாற வேண்டாம், அது இணையவே இணையாது. புளூடூத் 4.0 (பிஎல்இ) அல்லது வைஃபை வகைதான் வேண்டும்.

மலிவு அடாப்டர்கள் பெரும்பாலும் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நிறுவனத்தின் இஎல்எம்327 சிப்பின் நகல்கள். அட்டையில் பதிப்பு எண் 1.5 என்றோ 2.1 என்றோ போட்டிருக்கும். 1.5 என்ற பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. ஆனாலும் அந்த எண்ணோடு வரும் நகல்கள்தான் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்கின்றன. 2.1 என்று விற்கப்படும் பலவற்றில் சில கட்டளைகளே கிடையாது. திருப்பிக் கொடுக்க வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

இணைக்கும் முறை

1. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுபவரின் முழங்கால் பக்கம் 16 பின் சாக்கெட் இருக்கும். சில கார்களில் ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அடாப்டரை நேராக, அடி வரை அழுத்துங்கள். அதில் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் ஃபியூஸ் பாருங்கள். பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் இதற்கும் ஒரே ஃபியூஸ்தான்.

2. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். புஷ் பட்டன் கார் என்றால் பிரேக், கிளட்ச் எதையும் மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள்.

3. பழைய வகை புளூடூத் என்றால் போன் செட்டிங்ஸில் போய் இணைத்துக்கொள்ளுங்கள். பின் நம்பர் 1234 அல்லது 0000. பிஎல்இ என்றால் செட்டிங்ஸ் பக்கமே போகாதீர்கள், ஆப்பின் உள்ளிருந்துதான் இணைக்க வேண்டும். வைஃபை என்றால் அடாப்டரின் நெட்வொர்க்கில் சேர்ந்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 'இதில் இன்டர்நெட் இல்லை' என்று போன் தானாகவே கழன்றுகொள்ளும். ஆப்பில் கேட்டால் ஐபி முகவரி 192.168.0.10, போர்ட் 35000.

4. கார் ஸ்கேனர் (இரண்டு வகைப் போனுக்கும்) அல்லது டார்க் (Torque, ஆண்ட்ராய்டு) ஆப்பைத் திறந்து, அடாப்டரைத் தேர்ந்தெடுத்து 'கனெக்ட்' கொடுங்கள். ஆண்ட்ராய்டில் லொகேஷன் அல்லது 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதி தராவிட்டால் அடாப்டர் பட்டியலிலேயே வராது.

அடாப்டர் இணைந்து, ஈசியூ மட்டும் இணையவில்லை என்று வந்தால், சாவி 'ஆன்' நிலையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அதுதான். அடுத்த சந்தேகம் நகல் சிப்பின் மேல். வேறு காரில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கோடு வந்ததும் பாகம் வாங்க ஓடாதீர்கள்

கோடு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. எந்தச் சர்க்யூட்டில் தேட வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. உதாரணமாக பி0113: எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை சென்சாரில் சிக்னல் அதிகம். ஆப்பின் லைவ் டேட்டா பக்கத்தில் (சென்சார்கள் இப்போது சொல்லும் எண்கள்) அந்த வெப்பநிலையைப் பாருங்கள். மதுரை வெயிலில் நிற்கும் கார் மைனஸ் 40 டிகிரி காட்டும்! சென்சாருக்கும் ஈசியூவுக்கும் இடையே எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். கனெக்டர் கழன்றிருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம், சென்சாரே போயிருக்கலாம்.

இரண்டு வயர் மட்டும் உள்ள தனி சென்சார் என்றால் சோதிப்பது சுலபம். கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கமுள்ள இரண்டு முனைகளையும் சிறு கம்பியால் சேருங்கள். ஆப்பில் எண் மைனஸ் 40இலிருந்து நூறைத் தாண்டிக் குதித்தால் வயர் நன்றாக இருக்கிறது, சென்சாரை மாற்றுங்கள். அசையாவிட்டால் பெரும்பாலும் வயரில்தான் கோளாறு. நான்கு வயர் வரும் கூட்டு சென்சாரில் இதைச் செய்யாதீர்கள். தவறான முனைகளைச் சேர்த்தால் ஈசியூவுக்கே ஆபத்து.

பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு) வந்தால் ஃபியூயல் டிரிம் எண்களை (ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற சதவீதம்) பாருங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) 15, 20 சதவீதம் என்று ஏறி நின்று, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. ரப்பர் ஹோஸ்களைத் தேடுங்கள். ஆர்பிஎம் ஏற ஏற எண்ணும் ஏறினால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் பாருங்கள். வெளியில் மாட்டிய சிஎன்ஜி கிட் சரியாக டியூன் ஆகாமலும் இந்தக் கோடு வரும்.

ஏர்பேக், ஏபிஎஸ் லைட்டுகளுக்கு இந்த அடாப்டரை நம்பாதீர்கள். பெரும்பாலான கார்களில் அவற்றை எட்ட அதற்கான தனி ஸ்கேனர் வேண்டும்.

அழிப்பதற்கு முன்

'கிளியர்' பட்டன் கவர்ச்சியானது. அழுத்தினால் கோடோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு பதிவான நொடியில் வேகம், ஆர்பிஎம், வெப்பநிலை எவ்வளவு என்ற குறிப்பு அது. மெக்கானிக்குக்கு அதுதான் தடயம். எனவே முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு பழுதுபார்ப்பு, கடைசியில்தான் கிளியர். சரிசெய்யாமல் அழித்தால் சில நாளில் லைட் திரும்ப வரும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. 'கோடு அழித்தபின் ஓடிய தூரம்' என்ற எண்ணைப் பல கார்கள் காட்டும். அது 8 கிலோமீட்டர் என்றிருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்றுமுன் யாரோ லைட்டை அணைத்திருக்கலாம். ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அந்தச் சாக்கெட்டில் சாவி இல்லாமலும் 12 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். 40 மில்லிஆம்பியர் இழுக்கும் அடாப்டர் ஒரு நாளைக்குச் சுமார் 1 ஆம்பியர்-ஹவர் தின்னும். சிறிய காரின் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி கொஞ்சம் பழையதாக இருந்தால், இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.