இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியவில்லையா? யுஎஸ்பியிலிருந்து டிரைவர் ஏற்றும் முறை

பழைய சர்வரில் ராக்கி லினக்ஸ் 9 போடுகிறீர்கள். பயோஸில் டிஸ்க்குகள் எல்லாம் தெரிகின்றன, ஆனால் இன்ஸ்டாலரின் டிஸ்க் தேர்வுப் பக்கம் காலி. உடனே கேபிளைக் கழற்ற வேண்டாம். ரெட் ஹேட் நிறுவனம் தன் லினக்ஸின் 8-ஆம் பதிப்பிலேயே பல பழைய ஸ்டோரேஜ் கார்டுகளுக்கான (டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைப்பவை) ஆதரவை நீக்கிவிட்டது. அதை அப்படியே பின்பற்றும் ராக்கியிலும் அவை இல்லை. எல்எஸ்ஐ நிறுவனத்தின் ‘9211-8ஐ’ என்ற மாடல் அப்படிப்பட்ட ஒரு கார்டு. அதை வைத்தே சொல்கிறேன்.

படி 1: கார்டை அடையாளம் காணுங்கள்

இன்ஸ்டாலரில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கட்டளைகளை டைப் செய்யும் ஷெல் வரும். எல்எஸ்பிசிஐ கட்டளையை, ஒரு சிறுகோடும் இரண்டு ‘என்’ எழுத்தும் சேர்த்துக் கொடுங்கள். பட்டியலில் எஸ்ஏஎஸ்2008, 1000:0072 என்று இருந்தால் இந்தக் கார்டோ, இதே சிப் உள்ள வேறொரு கார்டோதான். இதற்கான டிரைவர் எம்பிடி3எஸ்ஏஎஸ்.

படி 2: சரியான டிரைவரை எடுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். ரெட் ஹேட் வகை லினக்ஸ்களுக்குக் கூடுதல் டிரைவர்கள் தரும் இஎல்ரெப்போ தளத்தில் டிரைவர் டிஸ்க்குகள் ஐஎஸ்ஓ கோப்புகளாகக் கிடைக்கின்றன. கோப்பின் பெயரில் இஎல்9_4 போல ஒரு துண்டு இருக்கும். உங்கள் இன்ஸ்டால் ஐஎஸ்ஓ 9.4 என்றால் டிரைவரும் 9.4-க்கானதாகவே இருக்க வேண்டும். இரண்டும் 9 தானே என்று விட்டுவிடாதீர்கள். கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) பொருந்தாத டிரைவர் ஏறாமல் போகலாம்; அப்போதும் டிஸ்க் பக்கம் காலியாகவே நிற்கும்.

படி 3: யுஎஸ்பி

இன்னொரு பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி செய்தால் போதும்.

படி 4: பூட் செய்யுங்கள்

நம்பகமான கையொப்பம் உள்ளவற்றை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் வசதி இயங்கினால் முதலில் அணைத்துவிடுங்கள். இஎல்ரெப்போவின் கையொப்பச் சாவி உங்கள் சர்வரில் பதிவாகியிருக்காது, அதனால் கெர்னல் டிரைவரை ஏற்க மறுக்கும்.

இரண்டு பென்டிரைவையும் செருகி பூட் மெனுவுக்கு வாருங்கள். யுஇஎஃப்ஐ என்றால் ‘இ’ விசை, பழைய பயோஸ் என்றால் டேப். யுஇஎஃப்ஐயில் லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில், பயோஸில் தெரியும் ஒரே வரியின் கடைசியில், ஓர் இடைவெளி விட்டு, இன்ஸ்டால் என்பதன் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், ஒரு புள்ளி, டிரைவர் டிஸ்க் என்பதன் முதலெழுத்துகள் இரண்டு, எல்லாம் சின்ன எழுத்தில், ஒட்டியே டைப் செய்யுங்கள். யுஇஎஃப்ஐயில் கன்ட்ரோல்-எக்ஸ், பயோஸில் என்டர்.

கொஞ்ச நேரத்தில் சாதனங்களின் பட்டியல் வரும். பென்டிரைவின் எண்ணைக் கொடுங்கள், பிறகு ஐஎஸ்ஓவின் எண், அப்புறம் டிரைவரின் எண். தேர்வுக் குறி விழுந்ததைப் பார்த்துவிட்டு ‘சி’ கொடுங்கள். முதல் பட்டியல் திரும்ப வந்தால் பயப்பட வேண்டாம், இன்னொரு டிரைவர் வேண்டுமா என்று கேட்கிறது, அவ்வளவுதான். மறுபடி ‘சி’.

சரி, இப்போது டிஸ்க் பக்கத்தைத் திறந்தால் டிஸ்க்குகள் வரிசையாகத் தெரியும். வழக்கம்போல் இன்ஸ்டால் செய்யலாம். டிரைவரும் புதிய சிஸ்டத்துக்குள் தானாகவே போய்விடும்.

இன்ஸ்டாலுக்குப் பிறகு

இஎல்ரெப்போ களஞ்சியத்தை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். 9.4-இலிருந்து 9.5-க்குப் போகும்போது பழைய டிரைவர் புதிய கெர்னலில் வேலை செய்யாமல் போகலாம், சர்வர் பூட் ஆகாது. அப்படி ஆனால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள்; அதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

ராக்கிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள், அதேபோல் ரெட் ஹேட்டை ஒட்டி வரும் அல்மாலினக்ஸைப் பார்க்கலாம். 9.4 முதல் இதுபோன்ற பல பழைய கார்டுகளுக்கு அவர்களே ஆதரவைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.