தன்பாலினத் திருமணத்துக்கு வீடு வீடாக ஆதரவு திரட்டுவது எப்படி?

முதல் நாள் 40 கதவுகளைத் தட்டினேன், 11 திறந்தன. ஒருவர் மனமும் மாறவில்லை. கோளாறு என்னிடம்தான் என்பது இரண்டாம் வாரத்தில்தான் உறைத்தது.

1. கிளம்பும் முன்: தண்ணீர், தேய்ந்து பழகிய செருப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும். குறிப்பெடுக்கச் செயலியைவிடத் தாளும் பென்சிலுமே மேல். பேனா மழையில் கைவிட்டது. கைபேசியைப் பார்த்தபடி பேசுகிறவரை யாரும் நம்புவதில்லை.

2. மணியடித்துவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். பெயரையும் வந்த காரியத்தையும் உடனே சொல்லிவிடுங்கள்.

3. "இந்தத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தருவதை 0 முதல் 10 வரை எவ்வளவு ஆதரிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். 10 என்றால் வாக்குப்பதிவு நாளை நினைவூட்டிவிட்டு நகருங்கள். நமக்கு வேலை நடுவில் இருப்பவர்களிடம்.

4. நான் சறுக்கியது இங்கேதான். "ஏன் 5?" என்று கேட்டுவிட்டுப் பதிலையும் நானே சொல்லத் தொடங்கிவிடுவேன். இந்தத் திருமணத்தை எந்த நாடு எந்த ஆண்டு சட்டமாக்கியது என்று, நெதர்லாந்து 2001, அயர்லாந்து 2015 என அடுக்குவேன். ஒரு பெரியவர் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முடித்ததும் மறுபடி கேட்டேன். "4" என்றார்.

இப்போதெல்லாம் கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். பிறகு, "திருமணம் உங்கள் வாழ்க்கையில் என்னவாக இருந்தது?" என்கிறேன். ஓர் அம்மா ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி, கணவரின் அறுவை சிகிச்சைக்குத் தாமே கையெழுத்திட்ட இரவைச் சொன்னார். துண்டை மடித்தார், பிரித்தார், மீண்டும் மடித்தார். "அவர்களுக்கும் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும்தானே?" என்று அவராகவே கேட்டார். நான் வாயே திறக்கவில்லை.

இந்த முறை தோல்வியில் பிறந்தது. 2008இல் கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடுக்கும் 'முன்மொழிவு 8' மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. அதன் பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் பிரசாரகர்கள் இந்தத் திருமணத்துக்கு எதிராக வாக்களித்தவர்களின் வாசலுக்கே போய்க் காரணம் கேட்டார்கள். இதன் பலனை நிரூபித்ததாக 2014இல் வந்த ஆய்வுக் கட்டுரை, தரவு நம்பத்தகாதது என்று மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. அதை எங்கும் மேற்கோள் காட்டாதீர்கள். ஆய்வாளர்கள் ப்ரூக்மன், கல்லா இருவரும் 2016இல் வெளியிட்ட மயாமி ஆய்வு வேறு. அது திருநர் மீதான வெறுப்பைப் பற்றியது: சுமார் 10 நிமிட உரையாடலின் விளைவு குறைந்தது 3 மாதம் நீடித்தது.

5. கிளம்பும்போது மறுபடி எண்ணைக் கேளுங்கள். தெருமுனைக்குப் போய்க் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் கண்ணெதிரே வேண்டாம்.

பின்சேர்க்கை: "நீங்களும் அப்படியா?" என்று கேட்டால் என்ன சொல்வது எனப் பலர் கேட்டிருக்கிறீர்கள். சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால் இன்னொருவர் கதையை அவர் சம்மதமின்றிச் சொல்லாதீர்கள். பெயரை மறைத்துத்தான் ஒரு நண்பனின் கதையைச் சொன்னேன். பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அவனுடைய அத்தை.