முதுகுத்தண்டு அறுவைக்குப் பிறகு ரயிலில் ஊருக்குப் போவது எப்படி? (சென்னை – தென்காசி)

இடுப்பில் எல்4–எல்5 எலும்புகளுக்கு நடுவே இருந்த ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியதால் எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஏழாவது வாரம், டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சியில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் பொதிகை எக்ஸ்பிரஸில் போனேன். போகும்போது செய்த ஒரு தவறால் அங்கே இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். வரும்போது அதைத் திருத்திக்கொண்டேன், நன்றாகத் தூங்கியே வந்தேன். இதே நிலையில் ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். தட்டு, ஸ்க்ரூ வைத்து எலும்பை இணைத்தவர்களுக்கு நாள் கணக்கு வேறு. அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

படி 1: படுக்கையைத் தேர்ந்தெடுப்பது

நான் தவறியது இங்கேதான். ஜன்னலோரம், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று நினைத்து நானே சைடு லோயர் கேட்டு வாங்கினேன். சைடு லோயர் என்பது எதிரெதிரே இருக்கும் இரண்டு இருக்கைகளின் முதுகைச் சாய்த்து உண்டாக்கும் படுக்கை. இரண்டும் சேரும் இடம் சமமாக இருக்காது. அந்த மேடுபள்ளம் சரியாக இடுப்புக்குக் கீழே வந்தது. விழுப்புரம் தாண்டுவதற்குள் காலில் மின்சாரம் இழுப்பதுபோல் பழைய வலி வந்துவிட்டது. போர்வையை மடித்து அடியில் வைத்தேன், கொஞ்சம்தான் குறைந்தது. சில பெட்டிகளில் அந்த இடைவெளியின் மேல் போட ஒரு தனிப் பலகை இருக்கும். இருந்தால் இறக்கிப் போடச் சொல்லுங்கள்.

ஆகவே உள்பக்கத்து லோயர்தான் வேண்டும். ஸ்லீப்பரிலும் த்ரீ ஏசியிலும் 7, 15, 23, 31 என்று எட்டெட்டாகக் கூடும் எண்கள் எல்லாம் சைடு லோயர். அந்த எண் வந்தால் ஏறியதுமே டிக்கெட் பரிசோதகரிடம் (டிடிஇ) மருத்துவச் சீட்டைக் காட்டி மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். பக்கத்து ஆட்களிடமும் கேட்கலாம். நம் ஊர் ரயிலில் விஷயத்தைச் சொன்னால் மனம் இரங்காதவர்கள் குறைவு.

பணம் கொஞ்சம் கூடினாலும் டூ ஏசிதான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குளிர் இதற்குக் காரணமில்லை, அதில் நடு பெர்த் கிடையாது என்பதுதான் காரணம். ஸ்லீப்பரிலும் த்ரீ ஏசியிலும் இரவு 10 மணிக்கு நடு பெர்த்தைத் தூக்கி மாட்டிவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. ஒவ்வொரு முறை எழும்போதும் கூனித்தான் வெளியே வர வேண்டும். தைத்த முதுகுக்கு அது ஆகவே ஆகாது.

வந்தே பாரத் சீக்கிரம் போகுமே என்று தம்பி சொன்னான். திருநெல்வேலி வரை ஏறக்குறைய எட்டு மணி நேரம் உட்கார்ந்தே போக வேண்டும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாலே எனக்கு இடுப்பு இறுகிவிடும்.

படி 2: எழுந்திருப்பது

கட்டிலில் எழுவதுபோல் நேராக எழாதீர்கள். இரண்டு முழங்காலையும் மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே மரக்கட்டைபோல் சேர்ந்து ஒருக்களியுங்கள். கால்களைக் கீழே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழுங்கள். படுப்பது இதற்கு நேர்மாறு. வீட்டில் ஒரு வாரம் பழகிவிட்டுப் போங்கள். விழித்திருக்கும்போதெல்லாம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க அது முக்கியம்.

படி 3: ஏறுவது, இறங்குவது

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். பையை வேறொருவர் தூக்கட்டும், தண்ணீர் பாட்டிலைக்கூட. நான் தென்காசியில் இறங்காமல் கடைசி நிறுத்தமான செங்கோட்டை வரை போனேன். அங்கே வண்டி நிற்கும், பின்னால் யாரும் நெருக்க மாட்டார்கள். நிதானமாக இறங்கினேன். அங்கிருந்து வீட்டுக்கு ஆட்டோ வேண்டாம். காரில் முன் சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, வேகத்தடை வந்தால் ஊர்ந்து போகச் சொல்லுங்கள்.

படி 4: ஊரில்

ரயிலைவிட வீடுதான் கஷ்டம், ஏனென்றால் எல்லாரும் பாசமாக இருப்பார்கள். வாசலிலேயே தங்கையின் பிள்ளை “மாமா!” என்று ஓடிவந்தது. தூக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மடியோரம் நிறுத்திக் கட்டிக்கொண்டேன். பெரியவர்கள் காலில் விழுவதும், தரையில் சம்மணம் போட்டு இலையில் சாப்பிடுவதும் கூடாது என்று முந்தைய நாளே போனில் சொல்லிவையுங்கள். அம்மா எனக்காகக் கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டிருந்தாள். தொய்ந்த கட்டில் வேண்டாம், உறுதியான பலகைக் கட்டிலில் மெத்தை போதும் என்றதும் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினேன்.

அப்புறம் குற்றாலம். சாரல் நேரம் வேறு. “ஐந்தருவியில முதுகக் காட்டுல, எல்லா வலியும் பறந்துரும்,” என்றார் பெரியப்பா. அருவி அடிக்கும் வேகமும், வழுக்குப் பாறையும், அங்கே கிடைக்கும் எண்ணெய் மசாஜும் நம் முதுகுக்கு இப்போது பெரிய ஆபத்து. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

பிறகு சேர்த்தது

கீழே கருத்துப் பகுதியில் ஒரு சகோதரி, ஊர் வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். நானே எழுத மறந்த விஷயம். நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும். முன்கூட்டியே வாங்கிவைக்கச் சொல்லுங்கள். ரயிலில் வெஸ்டர்ன் டாய்லெட் எந்தக் கோடியில் என்று ஏறியதும் பார்த்துவையுங்கள். வலி மாத்திரைகள் சிலவற்றால் மலம் இறுகும், முக்கக் கூடாது. அதற்கான மருந்தையும் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொருவர், எந்த வலிக்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டார். தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தானாக ஒழுகுவது, கால் திடீரென்று பலமிழப்பது, காய்ச்சலோடு தையலில் நீர் கசிவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்று வந்தாலும் ஊர் போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். ரயிலிலிருந்தே 139-க்கு அழைத்து, அடுத்த பெரிய நிலையத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.